ஒரு மணி நேரத் தூரம்

சென்னையிலிருந்து கோவைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான் என்று தம்பி போனில் பார்த்துச் சொன்னான். அதை நம்பித்தான் காரமடை மண்டபத்தில் இன்று மாலை அவனுடைய இணைச்சீருக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவன் கூடப்பிறந்தவளும் பிடித்துக்கொண்டு உட்காரும் சீர் அது. கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

விமானம் தாமதமானதால் சென்னை விமான நிலையத்தில் பகல் முழுக்கக் காத்துக்கிடந்தது அந்த ஒரு மணி நேரத்தில் சேரவில்லை. இப்போது காந்திபுரத்தில் டவுன் பஸ்களுக்கு நடுவே என் டாக்சி நிற்பதும் சேராது. பட்டுச்சேலை வியர்வையில் முதுகோடு ஒட்டுகிறது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“பிளேன்லதானுங்க வந்தீங்க?” டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்கிறார்.

“ஆமாங்க. ஒரு மணி நேரந்தான்.”

“மெட்ராஸ்ல இருந்து வாரதுக்கு ஒரு மணி நேரமுங்க. காந்திபுரத்தத் தாண்டறதுக்கு இன்னொரு மணி நேரமுங்க, அம்மணி.”

அம்மா போனில் கூப்பிடுகிறாள். நல்ல நேரம் முடியப்போகிறதாம்.

“பெரியப்பா பொண்ண உக்கார வெச்சுப்போடுங்கம்மா,” என்கிறேன்.

“நாங்களும் அதத்தான் சொன்னோம் கண்ணு. சேலையோட ஒரு முனையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறான். இன்னொரு முனைய யாருக்கும் தர மாட்டேங்கறான். ஒரு மணி நேரந்தானே, அக்கா வந்துரும்ங்கறான்.”