மூன்று வயது மூத்தவள்

எங்களோடு வேலை பார்த்த ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். மறுநாள் காலை பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியதும் ஏறாததுமாக, "பொண்ணு மாப்பிள்ளையவிட ஒரு வயசு மூப்பாம்" என்று போட்டு உடைத்தாள். வேன் ஏழாயிரம்பண்ணையைத் தாண்டுவதற்குள் நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். கட்டிக்கொள்கிறவள் இளையவளாகத்தான் இருக்க வேண்டும் என்றது பெரிய கட்சி. மூத்தவளாக இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்ட கட்சியில் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான்.

அது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று. தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அந்த வாதம் பொழுதுபோக்கு. எனக்கு அப்படியில்லை. அதே கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிற ஒருவனை எனக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் என்னைப் பிடித்திருந்தது. எங்கள் தெருக்காரன்தான், கட்டிக்கொள்ளும் முறைதான். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. நான் அவனைவிட மூன்று வயது மூத்தவள். வேனில் இருந்த அத்தனை பேருக்கும் எங்கள் விஷயம் தெரியும். தெரிந்துகொண்டே, ஊரில் யாருக்கோ நடந்ததைப் பேசுவதுபோல் பொதுவாகப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதனால்தான்.

பேக்கிங் ஷெட்டில் ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்துதான் வேலை. ஒருத்தி கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்கித் தள்ளுவாள். எதிரே இருப்பவள் மூடிப் பசை தடவி லேபிள் ஒட்டுவாள். ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் பேச்சுவார்த்தை இல்லாமல் போனாலும் ஜோடி கலையாது. போர்மேன் எனக்குப் போட்டுக் கொடுத்திருந்த ஜோடி, எனக்குப் பிடித்தவனுடைய அம்மா. அவர் அடுக்குவார், நான் ஒட்டுவேன். வீட்டுக்காரரைப் பறிகொடுத்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது அவருக்கு. அதிகம் பேசமாட்டார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

ஷெட்டிலும் வாதம் ஓயவில்லை.

"ரெண்டு பிள்ள பெத்துட்டா பொம்பள ஆளே மாறிப் போவா. மூத்தவளக் கட்டுனா நாளைக்கு ரெண்டு பேரும் பஸ்ஸுல போகையில, உங்க மகனான்னு கண்டக்டரு கேப்பாரு" என்றாள் கல்யாணத்துக்குப் போய் வந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கேட்டா கேட்டுட்டுப் போறாரு. அவரா வந்து சோறு போடப் போறாரு?" என்றேன்.

"மூத்தவ புருசன மதிப்பாளா? ஏலேன்னுல்ல கூப்புடுவா!" என்றாள் இன்னொருத்தி.

"எங்கம்மா எங்கப்பாவுக்கு எட்டு வயசு இளையவ. வாங்க போங்கன்னுதான் கூப்புடுவா. ஆனா அவ பேச்ச மீறி எங்கப்பா ஒரு ஆட்டுக்குட்டி வாங்கட்டும் பாப்போம்!" என்றேன் நான்.

இதற்கும் சிரித்தார்கள். எங்கள் கட்சி ஜெயிப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் அவனுடைய அம்மா பெட்டியைத் தள்ளிவிட்டு, நிமிராமலே பேசினார்.

"ஆம்பள படுத்துட்டா பாக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்ல. அதுக்குத்தான் இளசாப் பாத்துக் கட்டுறாக."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. முடியாது என்பதை என்னிடம் நேராகச் சொல்லாமல் சபையில் வைத்துச் சொல்லிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வரை லேபிளைத் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். போர்மேன் வந்து, "என்ன, கனவு கண்டுக்கிட்டு ஒட்டுனியா?" என்று கத்தினார். எனக்குக் கனவு காணக்கூட அன்றைக்குத் தெம்பில்லை.

வீட்டில் அழுதேன். அம்மாவுக்கு அழுகை பிடிக்காது, வழி கண்டுபிடிப்பதுதான் பிடிக்கும். அவள் கண்டுபிடித்த வழி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குக் குச்சி அடுக்கப் போனேன். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் போனார்கள். சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று சோதிக்க ஆபீசர் வந்து கேட்டால் வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அதனால் எங்கள் ஊரில் ஒருத்தர் வயதை ஒருத்தர் முழுசாக நம்புவதில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். எனக்குக் கூட்டியதை வீட்டில் எப்போதோ கழித்தாயிற்று. அம்மா இப்போது இன்னொரு முறை கழித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "மதினி, எம்மக உங்க மகனுக்கு ஒரு வயசு இளையவதான். தீப்பெட்டி ஆபீசுக்காகக் கூட்டிச் சொன்னது அப்படியே நின்னு போச்சு" என்று அடித்துச் சொல்லிவிட்டு, வெற்றியோடு திரும்பி வந்தாள்.

"அதுக்கு அத்த என்ன சொன்னாக?"

"அப்படியான்னு கேட்டாக. காப்பி குடுத்தாக."

எனக்கு வந்த கோபத்தில் அன்று இரவு சாப்பிடவில்லை. மூத்தவளாக இருப்பது குற்றம் என்று நானே ஒத்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டதே. அதோடு, அவனைக் கட்டி, ஆயுசு முழுக்க அவன் அம்மாவுக்கு முன்னால் நாலு வயது குறைத்துக்கொண்டு நடமாட என்னால் ஆகாது. கல்யாணம் நடக்காமலே போனாலும் போகட்டும், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஷெட்டில் இருந்தோம்.

"அத்த, எங்கம்மா நேத்துச் சொன்னது பொய். நான் மூத்தவதான். மூணு வயசு."

அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

நான் பசைக் கையோடு விழித்தேன்.

"தீப்பெட்டி ஆபீசுல நானுந்தான வேல பாத்தேன். ஆபீசரு ஜீப்பு வருதுன்னு பிள்ளைகள எல்லாம் கருவேலங்காட்டுக்குள்ள வெரட்டி விட்டோமே, ஞாபகம் இருக்கா? எம்மகன அன்னைக்கு வீட்டுல விட ஆளில்லாம கூடக் கூட்டிட்டு வந்திருந்தேன். ஒன் கையிலதான் பிடிச்சுக் குடுத்தேன். திரும்பி வரையில அவன் மூக்க ஒம் பாவாடையில தொடச்சுக் கூட்டிட்டு வந்த. நீ இளையவன்னு உங்கம்மா எங்கிட்டயே வந்து சொல்றா!"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பெறகு ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னீக? இளசாத்தான் கட்டணும்னு?"

"கட்டணும்னா சொன்னேன்? எதுக்குக் கட்டுறாகன்னு சொன்னேன்." பெட்டியை என் பக்கம் தள்ளினார். "எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அவரு படுத்துக் கெடந்தப்ப குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம் பாத்தேன். எங்க மாமியாரும் அவுக வீட்டுக்காரர அப்படித்தான் பாத்தாக. எனக்கு இப்ப தல வலிச்சா தைலம் தேச்சுவிட ஆளு இல்ல. நானே தேச்சுக்கிடுதேன். நீ மூத்தவ. நீதான முதல்ல படுப்ப? படு. எங்க வம்சத்துல ஒரு ஆம்பளையாச்சும் பொண்டாட்டியப் பாக்கட்டும்."

கை கழுவப் போனவர்கள் வந்துவிட்டார்கள். நான் கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் பசையாகிவிட்டது. அந்த வருடம் தீபாவளி முடிந்து தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையைவிடப் பெண் இளையவள்தான் என்று அம்மா கடைசிவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை யாராலும் திருத்த முடியாது.

அத்தை சொன்ன நாளுக்கு நான் கிழவியாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வருடமே எனக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டேன். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவன் வீட்டில் இருந்தான். அத்தை அடுப்படிப் பக்கமே போகவில்லை. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, எதையும் சொல்லிக்கொடுக்காமல், அவன் கஞ்சி காய்ச்சுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கஞ்சியில் உப்பு இல்லை. அடுத்ததில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒருவழியாகக் கஞ்சி என்று சொல்லும்படி வந்தது. என்னைத் தூக்கி உட்கார வைத்து, ஊதி ஊதி ஊட்டினான்.

நான் போதும் என்று கையைக் காட்டியபோது, வாசலிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"ஏலே, சட்டியில மிச்சம் இருக்கா? எனக்கும் ஒரு டம்ளரு ஊத்திக் கொண்டாலே."