எட்டு விநாடி முன்னால்

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு எங்கள் வீட்டுக்கு யாரும் வராமல் பார்த்துக்கொள்வோம். மெல்போர்னில் அப்போது இரவு எட்டு மணி. எங்கள் மகள் அங்கே தன் அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுவாள். அதை இணையத்தில் நேரலையாக அறுபது, எழுபது பேர் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சிலர், சென்னையில் சிலர், கண்டிக்கு அருகே திகனயில் ஒரு பெண், கண்டி நகரின் மஹய்யாவயில் நாங்கள் இருவர். தமிழில் பேசிக்கொண்டே விளையாடுவாள். பார்ப்பவர்கள் பக்கத்தில் எழுதுவதைப் படித்துப் பதிலும் சொல்வாள்.

அவளுக்குப் பிடித்தவை பயமுறுத்தும் விளையாட்டுகள். ஆளில்லாத ஆஸ்பத்திரி, பழுதடைந்த டியூப் லைட்டுகள், கையில் ஒரு டோர்ச். கதவு தானாகத் திறந்தால் கத்துவாள். கத்திவிட்டுச் சிரிப்பாள். என் மனைவி அந்த ஆஸ்பத்திரியை ஒருநாளும் பார்த்ததில்லை. திரையின் கீழ் மூலையில் தீப்பெட்டி அளவில் மகளின் முகம் தெரியும். அவள் பார்த்தது அதைத்தான். மெலிந்திருக்கிறாளா, தலையில் எண்ணெய் வைத்திருக்கிறாளா, பின்னால் கட்டிலில் புதுப் போர்வை கிடக்கிறதா. ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி ஏதாவது அனுப்புவாள். அதற்குள் மகள் இரண்டு அறைகளைத் தாண்டியிருப்பாள். "அம்மா சொல்றாங்க, அந்தத் தலையணை உறையத் தோய்க்கணுமாம்," என்று அவள் எழுபது பேருக்கும் வாசித்துக் காட்டும்போது என் மனைவி வெட்கப்பட்டு என்னைப் பார்ப்பாள்.

மகள் போய் எட்டாம் மாதம், எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் படிகளில் மனைவி வழுக்கி விழுந்தாள். தலையில் ஆறு தையல். சில வாரங்களுக்குப் பிறகு வலிப்பு வரத் தொடங்கியது. டாக்டர் குளிசை எழுதிக்கொடுத்தார். விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் ஆகாது என்றார். தவிர்க்க முடியாவிட்டால் கண்களை மூடினால் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்ப வேண்டும் என்றும் சொன்னார். அதன்பின் உள்ளே நிறவிளக்குகள் மின்னும் தனியார் பஸ்களில் அவள் ஏறவில்லை. தெருவெங்கும் பந்தல் விளக்குகள் மின்னும் வெசாக் நாட்களில் டவுனுக்குப் போகவில்லை. இவற்றை விடுவது அவளுக்குச் சிரமமாக இருக்கவில்லை. சனிக்கிழமையை மட்டும் விட மறுத்தாள்.

மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நோயைச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. எதிர் வீட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்த செய்தி, தையல் பிரித்த பிறகுதான் கட்டாரில் இருந்த அவருடைய மகனுக்குப் போனது. பக்குவமாக நடந்துகொண்டார்கள் என்று தெருவே அவர்களைப் பாராட்டியது. மகள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தாள். சொன்னால் புறப்பட்டு வந்துவிடுவாள், வந்தால் திரும்பிப் போவது சிக்கலாகிவிடும் என்று மனைவி கணக்குப் போட்டாள். நான் முப்பது வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கண்டியிலிருந்து செய்தி எழுதியவன். ஒரு செய்தியை அமுக்கி வைப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனாலும் செய்தேன்.

நேரலை முடிந்த பிறகு பதிவைப் பார்க்கலாம், முதலில் நான் பார்த்துவிட்டு மின்னும் இடங்களைத் தள்ளிவிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது நேத்து இருந்த புள்ள," என்றாள். "எனக்கு இப்ப இருக்கிற புள்ள வேணும்."

அப்போதுதான் எட்டு விநாடியைக் கண்டுபிடித்தேன். அவள் பார்க்கும் டெப், அதாவது டேப்லெட், வீட்டு வைஃபையில் ஓடியது. என் போன் சிம் டேட்டாவில் ஓடியது. நேரலை இரண்டுக்கும் ஒரே வேகத்தில் வந்து சேரவில்லை. என் போனில் ஏழெட்டு விநாடி முந்தி வந்தது. இரண்டு சனிக்கிழமைகள் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அவளுக்கு எதிரே கதிரையைப் போட்டு, போனின் ஒலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். போனில் டியூப் லைட் துடிக்கத் தொடங்கியதும் "திரும்பு" என்பேன். அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவாள். டெப்பில் துடிப்பு வந்து போகும்வரை மனதுக்குள் எண்ணிவிட்டு "பாரு" என்பேன். பத்து மாதங்கள் இப்படி நடந்தது. மகள் எதற்காகக் கத்தப்போகிறாள் என்று அவளுக்கே எட்டு விநாடி முன்னால் எனக்குத் தெரியும் என்றுகூட நான் நினைத்ததுண்டு. உண்மையில் மகள் கத்தி முடித்த பிறகுதான் அது எங்கள் இருவருக்கும் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் என் டேட்டா தீர்ந்துவிட்டது. வீட்டில் இருந்ததால் போன் தானாக வைஃபைக்கு மாறியது. நான் கவனிக்கவில்லை. நான்கு மணிக்குச் சற்று முன்னர், மகள் மின்சார அறைக் கதவைத் திறந்ததும், டெப்பின் வெளிச்சம் என் மனைவியின் முகத்தில் துடிப்பதைப் பார்த்தேன். என் போனில் கதவு இன்னும் மூடியிருந்தது.

"திரும்பு" என்றேன். அவளுக்கு அது கேட்கவில்லை. பார்வை ஓரிடத்தில் நின்றுவிட்டது. வலது கை முதலில் இழுத்தது. பக்கவாட்டில் படுக்க வைத்து, தலைக்குக் கீழே கதிரை மெத்தையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி. கீழே குப்புற விழுந்த டெப் பேசிக்கொண்டே இருந்தது. "அம்மா, இருக்கீங்களா? இன்னிக்கு ஒண்ணுமே எழுதலயே. கோவமா?" சிறிது நேரம் கழித்து மறுபடியும், "அம்மா?" பார்ப்பவர்களில் யாரோ கேலியாக எழுதியிருக்க வேண்டும், "எங்கம்மா தூங்கமாட்டாங்க, நீங்க சும்மா இருங்க," என்று சிரித்தாள்.

மகள் நேரலையைப் பாதியில் முடித்துவிட்டு அழைத்தாள். மனைவி தூக்கத்தில் இருந்தாள். வழுக்கியதிலிருந்து அன்று வரை நடந்ததை வரிசையாகச் சொன்னேன். முடிந்ததும் மகள், இந்த விளையாட்டுகளால் எத்தனை தடவை வலிப்பு வந்தது என்று கேட்டாள். இன்றைக்குத்தான் என்றேன்.

"மழை பெஞ்சா போதும், கடுகண்ணாவ பக்கம் மண்சரிவு எச்சரிக்கைன்னு முழிச்சிருந்து எழுதுவீங்களேப்பா. ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

மனைவி எழுந்ததும் முதலில் கேட்டது, "சொல்லிட்டீங்களா?" என்றுதான். ஆமாம் என்றேன். "போச்சு போங்க. இனி அவ தூங்கமாட்டா."

மூன்று சனிக்கிழமைகள் நேரலை இல்லை. வீடு மூன்றரை மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. மனைவி அலுமாரியை அடுக்கினாள், மறுவாரம் அதையே மறுபடியும் அடுக்கினாள். நான்காவது வாரம் மகள் ஒரு வாசகத்தை எழுதி எனக்கு அனுப்பினாள்: "சில காட்சிகள் சிலரைப் பாதிக்கலாம்." யாரை, எது, எப்போது என்று இதில் ஒன்றும் இல்லையே என்று பதில் போட்டேன். மூன்று தடவை மாற்றினாள். கடைசியில் நேரலையின் முதல் திரையில் வந்தது இது: "இந்த விளையாட்டில் வெளிச்சம் வேகமாக மின்னும். வலிப்பு உள்ளவர்கள் கவனம். 'திரும்புங்க' என்று நான் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். 'இப்ப பாக்கலாம்' என்று சொல்லும்வரை திரையைப் பார்க்க வேண்டாம்." அதை வாய்விட்டும் வாசித்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், தன் தம்பிக்கும் இதே பிரச்சினைதான், இதுவரை சொல்ல வெட்கமாக இருந்தது என்று எழுதினார். மகளை அக்கா முறையில் அழைக்கும் திகனப் பெண், "ராத்தா, நெருப்பு வார இடத்தையும் முன்னுக்கே சொல்லுங்க. கடை எரியிறது பாக்க ஏலா," என்று எழுதினார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கலவரத்தில் திகனயில் கடைகள் எரிந்ததைத் தெரிந்த எவரும் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் முதல் திரையில் நெருப்பும் சேர்ந்தது.

எந்த இடத்தில் மின்னும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பகுதியையும் வெள்ளிக்கிழமை தனியாக ஒருமுறை விளையாடிக் குறித்து வைத்துக்கொள்வாள். சனிக்கிழமை எங்கே கதவு திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். கத்தினாள்தான். சிரித்தாள்தான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு என் மனைவி, "இப்ப அவ பயப்படறதில்லங்க. நமக்காகக் கத்துறா," என்றாள். எனக்கும் வேலை இல்லாமல் போனது. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

மனைவி சுவரைப் பார்த்திருக்கும் அரை நிமிடத்தில் மகள் பேச்சை நிறுத்துவதில்லை. தான் இருப்பது அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த அறையில் நான்கு கட்டில், சுவரில் ஈரம், இன்றைக்கு டிராமில் ஒருத்தி நம்ம ஊர் மாதிரியே சேலை கட்டியிருந்தாள். என் மனைவி தலையை ஆட்டிக் கேட்பாள், சுவரிடம்.

போன சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனிக்கிழமை, "அம்மா, திரும்புங்க," என்றாள். மனைவி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் விளக்குகள் துடித்தன. ஈரத்தைப் பற்றியும் டிராமைப் பற்றியும் மகள் பேசவில்லை.

"விசா பதில் வந்து ஒரு மாசம் ஆச்சும்மா. இல்லன்னுட்டாங்க. மேல்முறையீடு போட்டிருக்கேன். அது முடியிற வரைக்கும் நாட்ட விட்டு வெளிய வர முடியாது. இந்த வருஷமும் வரமாட்டேன்."

அம்மா முகத்தைத் திருப்பியிருக்கும் நேரமாகப் பார்த்து அதைச் சொன்னாள். துடிப்பு நின்றது. படிகளில் சாதாரண வெளிச்சம் பரவியது. 'இப்ப பாக்கலாம்' என்ற சொல் வரவில்லை. மனைவி அப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் நின்றுவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். அது இப்போது என் வேலை இல்லை. பிறகு திரையோரத்தில் அந்த யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும், "அக்கா, வெளிச்சம் நிண்டிட்டுது. அம்மாவிட்ட சொல்லுங்கோ," என்று எழுதினார்.

"அம்மா," என்ற மகளின் குரல் மைக்கை விட்டுத் தள்ளித் தூரத்திலிருந்து வந்தது. "இப்ப பாக்கலாம்."

மனைவி கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். ஆஸ்பத்திரிப் படிகள் அசையாமல் நின்றன. மூலையில் இருந்த சின்னச் சதுரத்தில் கதிரை மட்டும் இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல மெதுவாகச் சுழன்றுகொண்டு. மனைவி டெப்பை முகத்துக்கு அருகே கொண்டுபோய், கதிரை சுழல்வது நிற்கும்வரை பார்த்தாள்.