லொறிக்குள் வந்த புகை

யுத்த காலத்தில் என் பழைய லொறியில் ஏறினாலே புகை மூக்கில் அடித்துத் தலை சுற்றும். மருதானையில் மூன்று கராஜ்களில் சைலன்சரை மாற்றியும் அது நிற்கவில்லை.

கிராண்ட்பாஸில் ஒரு மெலிந்த முஸ்லிம் மெக்கானிக் இருந்தார். அண்ணன் முறையில் எல்லோரும் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். எதையும் தொடுமுன் கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். லொறியின் கண்ணாடிகளைச் சாக்கால் மூடிவிட்டு, அடியில் லைட்டை வைத்தார். சீட்டுக்குக் கீழே, தகரத்தில் நாலு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன.

“இது துரு இல்ல தம்பி. கம்பியால குத்தின ஓட்டை,” என்றார்.

சோதனைச் சாவடியில் குண்டு தேடிய சிப்பாய்களின் வேலை.

“அடைச்சாலும் நாளைக்குக் குத்துவாங்களே, நானா!” என்று கத்தினேன்.

“குத்தினா திரும்ப வாங்க. அடைச்சுத் தாறன்.”

அந்த வருடம் ஏழு தடவை போனேன். ஏழு தடவையும் கத்தினேன். அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அது எப்படி அவரால் முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.