நாயனம் எங்களுக்கு, தவில் சித்தப்பாவுக்கு

எங்கள் வீட்டின் நடுவே சுவர் எழும்பிய வருடம் எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் பத்து நாளில் சமாதானம் ஆகியிருப்பார்கள். இவர்கள் மரியாதையாகப் பிரிந்தார்கள். வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்து அளந்து, மேற்குப் பாதி எங்களுக்கு, கிழக்குப் பாதி சித்தப்பாவுக்கு என்று ஆனது. அதன்பின் ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழக்கும் மேற்குமாக ஓடியே நான் இளைத்துப்போனேன். சித்தப்பாவை எனக்கு அப்பாவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை அழுகையாக வரும்.

வேலியோரத்துப் புளியமரங்களை மட்டும் பிரிக்கவில்லை. அந்த வருடம் புளி விற்ற காசு பொதுவில் நின்றது. அதில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கலாம் என்று சித்தப்பா சொல்லி அனுப்ப, அப்பா உடனே சரி என்றார். இரண்டு பேருக்கும் நாதஸ்வரம் என்றால் உயிர். கோயில் நோம்பித் திருவிழாவில் நாயனக்காரருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், சோறு ஆறுகிறது என்று வீட்டிலிருந்து ஆள் போய்த்தான் கூட்டிவர வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி அப்பாவும் நானும் கோயமுத்தூர் போனோம். அன்று வாய்க்கால் தண்ணீர் சித்தப்பாவின் முறை என்பதால் அவர் வரவில்லை. “ரண்டு ஊட்டுக்கும் கேக்கறாப்பல இருக்கோணும்னு சொல்லம்மிணி” என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தார்.

கடையில் பீரோ அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் இருந்தது. விலையைக் கேட்டதும் அப்பா அதைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. அடுத்தது ஒற்றைப் பெட்டி வைத்த செட். போட்டதும் கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. “ஒரு ஊட்ல வெச்சா நாலு ஊட்டுக்குக் கேக்குமுங்க” என்றார் கடைக்காரர். விலையும் எங்கள் புளிக்கு அடங்கியது. சித்தப்பா கேட்டது இதைத்தான் என்று நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். அப்பாவின் பார்வையோ மூலையில் இருந்த இரண்டு சின்னப் பெட்டிகள் மேல் போயிருந்தது.

கடைக்காரர் அவற்றை இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் எங்களை உட்காரவைத்து இசைத்தட்டைப் போட்டார். இடது காதில் நாதஸ்வரம், வலது காதில் தவில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

“ஏனுங்க, ஒண்ணை ஒரு ஊட்லயும் இன்னொண்ணைப் பக்கத்து ஊட்லயும் வெச்சா?” என்றார் பிறகு.

“அப்பிடி வெச்சா ஆளுக்குப் பாதிதானுங்க கேக்கும். ஒரே ரூம்புல வெச்சு நடுவுல உக்காந்தாத்தான் முழுசு.”

அப்பா இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “இதையே கட்டுங்க” என்றார். புளிக்காசு போதாமல் தன் கையிலிருந்தும் போட்டார்.

பிளேயர் மூத்தவர் வீட்டில், பெட்டி ஆளுக்கொன்று என்று பங்கு பிரிந்தது. சுவரின் மேல் சந்தில் வயரை இழுத்துத் தன் பக்கம் மாட்டியது சித்தப்பாதான். சாயங்காலம் அப்பா ரெக்கார்டைப் போட்டார். எங்கள் பக்கம் நாயனம் குழைந்தது. கிழக்குப் பக்கம் திமுதிமுவென்று தவில் மட்டும்.

நான் ஓடினேன். பெட்டியைப் பார்த்தபடி சித்தப்பா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். சின்னம்மா காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“ஏனம்மிணி, நாயனத்த அங்க வெச்சுக்கிட்டுக் கொட்ட மட்டும் எனக்கு உட்டுட்டாராமா உங்கப்பா? பாகத்துலதான் எனக்குத் தண்ணி நிக்கற பள்ளத்தோட்டம் வந்துச்சுன்னா, பாட்டுலயுமா?”

இந்தப் பெட்டியால் உள்ள பேச்சும் நின்றுவிடப் போகிறது என்று பயந்தேன். அப்பாவிடம் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னேன். “அப்பிடீன்னா பொட்டிய மாத்திக்கச் சொல்லு” என்றார் அவர் நிதானமாக.

மறுநாள் இரண்டு பெட்டிகளையும் நானே சுமந்து மாற்றினேன். வயர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. தவில் பழையபடி கிழக்கேதான் போனது. ஊரில் பாதிப் பேருக்கு மோட்டாருக்கு வயர் மாட்டிக் கொடுப்பவர் சித்தப்பா. அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, “ஒண்ணும் வெளங்கலியே அம்மிணி. நானே வந்து பாத்தாத்தான் ஆகும்னு சொல்லு” என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். சுவர் எழுந்தபின் முதல் தடவை. அம்மா கரண்டியைப் போட்டது போட்டபடி வெளியே வந்தாள். அப்பா எழுந்து நின்றார். இருவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. “ரண்டும் ஒரே ரூம்புல இருக்கோணும்னு கடைக்காரரு அன்னிக்கே சொன்னாருங்களே அப்பா!” என்று கத்திவிட்டேன்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

“அட, ஆமா. மறந்தே போச்சு.”

“உங்களுக்கு வயசாகுதுங்ண்ணா” என்றார் சித்தப்பா. பெட்டியை எங்கள் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். இருவரும் நடுவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாயனமும் தவிலும் சேர்ந்து எழுந்தபோது அப்பாவின் கை தொடையில் தாளம் போட்டது. சித்தப்பாவின் கையும் தன் தொடையில் அதே தாளத்துக்கு விழுந்தது. சின்னம்மாவைக் கூப்பிட அம்மா என்னை அனுப்பினாள். எல்லோருக்கும் எங்கள் வீட்டிலேயே சாப்பாடு ஆனது.

போகும்போது சித்தப்பா பெட்டியை விட்டுவிட்டுப் போனார். அவர் பங்கு எங்களிடம் தங்கிவிட்டதே என்று நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“அங்கியே கெடக்கட்டும். நாளைக்கும் வருவேனில்ல” என்றார்.

நாளைக்கும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். அப்பாவுக்கு மறதி, சித்தப்பாவுக்கு விவரம் போதாது, நான் ஒருத்தி இருந்ததால்தான் எங்கள் வீட்டில் பாட்டு முழுசாகக் கேட்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.