துட்டி வீட்டுக்கு மட்டும் சமைத்தவர்

பசுவந்தனையிலிருந்து கணேசன் காலையில் போன் செய்தபோது நான் கோவில்பட்டியில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். கணேசன், என் நண்பர் முத்தையாவின் பக்கத்து வீட்டுக்காரர். "அண்ணாச்சி, இங்கன ஒரு துட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் சொல்லணும். யாரையும் தெரியுமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. "முத்தையாவைப் பக்கத்து வீட்டுல வச்சிக்கிட்டு எங்கிட்ட கேக்குதீங்களே" என்றேன். "அவியதான் அண்ணாச்சி போயிட்டாவ" என்றார்.

துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், அன்று அடுப்பு மூட்டமாட்டார்கள், சாப்பாடு வெளியிலிருந்துதான் வரும் என்பது நம் பக்கத்து வழக்கம். ராணுவத்தில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து, பசுவந்தனையில் அந்தச் சாப்பாடு முத்தையாவுடையது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார். ஓட்டல் வைக்கச் சொன்னால் காதில் வாங்க மாட்டார். வீட்டில் ஒரு டீ கூடப் போட மாட்டார். துட்டி என்றால் மட்டும் யாரும் சொல்லாமலே கரண்டியோடு போய் நிற்பார். அவரை அறிந்தவர்களில் யாருக்காவது இது விளங்கியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

நானும் அவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தோம். நான் எழுத்தர். துப்பாக்கி பிடிக்கும் ஆசையில் ஆள்சேர்ப்புக்குப் போன அவருக்குக் கிடைத்தது சமையல் பிரிவு. "சோறாக்கவா ரயிலேறி வந்தேன்" என்று வெகுநாள் முனகினார். கம்பஞ்சோறு தின்று வளர்ந்தவர், வடநாட்டுக்காரர்களே குறை சொல்லாத ரொட்டி போட்டார். பனிமலையில் பருப்பு லேசில் வேகாது. குக்கரின் முன்னால் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைத் திட்டுவதுபோல அதைத் திட்டிக்கொண்டிருப்பார். பிடித்துச் செய்தாரா, தலையெழுத்தே என்று செய்தாரா, பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை ரோந்து போன வீரர்களில் ஒருவர் பனிச்சரிவில் போய்விட்டார். திரும்பி வந்த மற்றவர்கள் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். முத்தையா ரொட்டியை ஒதுக்கிவிட்டு, சோற்றைக் குழைய வடித்து, மிளகு ரசம் ஊற்றிப் பிசைந்து ஒவ்வொருவர் கையிலும் கிண்ணத்தைத் திணித்தார். எல்லோரும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்கள். "பசிச்சவனுக்கு யாரு வேணாலும் ஆக்கிப் போடலாம்வே. பசிக்கதே தெரியாம இருக்கவனைச் சாப்பிட வைக்கணும், அதுதான் பாடு" என்றார்.

துட்டிக்கு மட்டும் அவர் ஆக்குவதற்கு இதுதான் காரணம் என்று நானும் நம்பியிருந்தேன். ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் நேராகவே கேட்டேன். "கல்யாண வீட்டுல உப்பு சரியில்ல, உறைப்பு சரியில்லம்பான். துட்டி வீட்டுல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்" என்றார். முகத்தில் சிரிப்பும் இல்லை. இதில் எதை நம்புவது?

தன் மனைவியிடம், எங்கள் பேச்சியம்மாள் மதினியிடம், அவர் சொல்லிவந்த காரணம் இன்னொன்று. "எனக்கு அண்டாக் கணக்குலதான் ஆக்கத் தெரியும். ரெண்டு பேருக்கு அளவு வராது."

அன்று அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய்விட்டு வந்த பிறகு மதினி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டாவல்லா. எனக்கு ஏன் அண்ணாச்சி ஒருநாளும் ஆக்கிப் போடல? என்னையப் பிடிக்கலையோ?"

எனக்குத் தெரிந்த மூன்று காரணங்களில் ஒன்றைக்கூடச் சொல்ல வாய் வரவில்லை. "அவிய கையால நீங்க சாப்பிட்டதே இல்லையா மதினி?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். அவர் யோசித்தார்.

"எங்கம்மா செத்தன்னைக்கு அவியதான் ஆக்குனாவ. தின்னுருப்பேன். எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

அன்று வெளியிலிருந்து வந்த சாப்பாடும் குழைந்த சோறும் மிளகு ரசமும்தான். முத்தையா செய்வதுபோலவே செய்யச் சொல்லி ஆள் பிடித்திருந்தார் கணேசன். கிண்ணத்தை மதினியின் கையில் கொடுத்தோம். ஒரு வாய் வைத்து மெதுவாக மென்றார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அதுவரை அழாதிருந்தவர் அப்போதுதான் அழுதார்.

"இது அவிய வச்சது மாதிரி இல்ல" என்றார்.

ஞாபகமே இல்லாத ருசியை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. முத்தையாவைப் பற்றி என்னிடம் மிஞ்சியிருப்பது மதினி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதை முத்தையாவிடம் போய்ச் சொல்ல முடிந்தால் சந்தோஷப்படுவார். இல்லையென்றால், ரெண்டு பேருக்கு அளவு வராதுவே என்று மறுபடியும் சொல்வார்.