தென்காசியில் முளைத்த பவளம்

குற்றாலம் சாலையில், நேந்திரங்காய் சிப்ஸ் கடைக்கு மாடியில் எங்கள் டேட்டா என்ட்ரி அலுவலகம் இருந்தது. பத்திரிகையில் முப்பது ஆண்டுகள் செய்தி திருத்திவிட்டு ஊர் திரும்பிய எனக்கு அங்கே சரிபார்க்கும் வேலை. சீசன் நாட்களில் அருவியில் குளித்துவிட்டு நேராக வேலைக்கு வருபவர்கள் ஈரத்துண்டைக் கணினியின் மேல் காயப்போடுவார்கள். அந்தத் துண்டுகளுக்கு நடுவேதான் உலகத்துப் பவளங்களையெல்லாம் நாங்கள் பதிவேற்றினோம்.

பவளத்தின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்து, வீட்டுக்காரருக்கும் போடுகிறது. கடல் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு, தானும் வெளுத்துப்போகிறது. எந்தப் பவளத்தில் எந்தப் பாசி, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று இணையத்தில் ஒரு தரவுத்தளம் வைத்திருந்தார்கள். பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்து அதன் கட்டங்களை நிரப்புவது எங்கள் பொறுப்பு. எங்களில் கடலில் இறங்கியவர்கள்கூட திருச்செந்தூரில் முழங்கால் அளவுக்கு இறங்கியவர்கள்தான். அது ஒரு குறையாக யாருக்கும் தோன்றவில்லை.

சில கட்டுரைகளில் இடம் குறிப்பிடப்படவில்லை. இடத்துக்கான கட்டம் காலியாக இருந்தால் தளம் பதிவை ஏற்காது. கீழப்பாவூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் என்னிடம் கேட்டாள். பொறியியல் படித்தவள். வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள்.

"சார், இதுல எந்தக் கடல்னே போடல. என்ன செய்ய?"

பத்திரிகையில், ஊர் பெயர் இல்லாமல் வரும் செய்திக்கு அலுவலகம் இருக்கும் ஊரைப் போட்டு அச்சுக்கு அனுப்புவோம். கை பழகிய பழக்கம். "தென்காசின்னு போடும்மா" என்றேன்.

"இங்கன ஏது சார் கடல்?"

"கட்டம் நிரம்பணும்லா."

அதன்பிறகு இடம் இல்லாத பதிவுகளிலெல்லாம் தென்காசி ஏறியது. இரண்டு மாதம் கழித்து, தளத்தை நடத்துபவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வரைபடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பவளங்கள் கூட்டமாகத் தெரிகின்றன, இது புதிய கண்டுபிடிப்பா, பதிந்தவர் யார் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். நான் படித்துச் சொன்னதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்டுபிடிப்பாம்லா அண்ணாச்சி. பேப்பர்ல போடச் சொல்லுவமா?"

அது பாராட்டு அல்ல என்று விளக்கினேன். முகம் மாறியது.

"யாரு போட்டது?"

ஒவ்வொரு பதிவின் அடியிலும் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. சரிபார்த்தவரின் பெயருக்குத் தளத்தில் கட்டம் கிடையாது.

"மலையடிவாரத்துக்குக் கடலை இழுத்துட்டு வந்திருக்கா பாருங்க. நாளையில இருந்து வரவேண்டாம்னு சொல்லிருதேன். அவங்களுக்கும் அப்படியே எழுதிப் போட்டிருங்க."

அவள் பத்தடி தள்ளித் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். சத்தம் நின்றது. அவள் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லிவிடுவாளோ என்று நான் மதியச் சாப்பாடு வரை காத்திருந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். மேசை இழுப்பறையிலிருந்த சீப்பையும் தண்ணீர் பாட்டிலையும் அவள் பையில் எடுத்து வைத்தபோதுதான் எழுந்து போனேன்.

"போடச் சொன்னது நான்தான்."

முதலாளி சிரித்தார். "நீங்களா? அப்ப ஏதாவது காரணம் இருக்கும். ஏட்டி, அண்ணாச்சிக்கு ஒரு டீ சொல்லு."

காலையில் ஆளை வெளியே அனுப்பும் அளவுக்கு இருந்த தவறு, மதியத்துக்குள் டீ குடிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வரவேண்டாம் என்ற பேச்சும் அதோடு போயிற்று.

அவள் டீ சொல்லப் போகவில்லை. "சார், அந்தப் பதிவுகள்ல என் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடணும். மெயில்லயும் எழுதணும்" என்றாள்.

எழுதினேன். திருத்தம் போடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. ஆறாம் பக்கத்தில், விளம்பரத்துக்கு அடியில், எறும்பளவு எழுத்தில் போடுவோம். மின்னஞ்சலில் அப்படி ஒரு மூலை கிடைக்கவில்லை.

இனி அந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று முதலாளி கேட்டார். 'தெரியவில்லை' என்று போடலாம் என்றேன்.

"தெரியலைன்னு எழுதவா ஆபீஸ் வச்சிருக்கோம்?"

முப்பது ஆண்டுகளில் அந்தச் சொல்லை நானும் ஒரு செய்தியில்கூட அனுமதித்ததில்லை. இருந்தாலும், தென்காசி என்றிருந்த இடங்களிலெல்லாம் சாயங்காலம் வரை அதையே தட்டிக்கொண்டிருந்தேன். அவள் தன் நாற்காலியை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

"மேல பாருங்க சார்," என்றாள். "ஒண்ணு இன்னும் தென்காசிலதான் இருக்கு."