கண்ணில் தைத்த தகடு

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். ஒரு நாள் மதியம் அடுப்புப் புகை இடது கண்ணில் ஏறிவிட்டது. அதைக் கசக்கி மூடிக்கொண்டு வலது கண்ணால் பிள்ளைகளை எண்ணினேன். வரிசையின் கடைசியில் நான்கு பேரைக் காணவில்லை. இடது கண்ணைத் திறந்தால் நான்கு பேரும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி மூடினேன், மறுபடியும் இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு மட்டும் தெரிந்தது.

வலி இல்லை, சிவக்கவும் இல்லை. எங்கள் தோட்டத்து மிளகு பறிப்பு முடியட்டும் என்று இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே கோபம் வரும்.

அடிவாரத்து ஊரின் கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கு வைத்து நெடுநேரம் பார்த்தார். விழித்திரைக்குப் பின்னால் கருப்பாக ஒரு கட்டி இருக்கிறது, மெலனோமா என்கிற புற்றுநோயாக இருக்கலாம் என்றார். அவர் படித்த காலத்தில் இதற்கு ஒரே வைத்தியம், கண்ணை எடுத்துவிடுவது. தாமதிக்காமல் எடுத்துவிடச் சொல்லி, சென்னையில் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார்.

விஷயம் தெரிந்து அண்ணன் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். மார்பில் வந்த கட்டியைக் காட்டாமல் தள்ளிப்போட்டு அண்ணி போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "ஒரு கண்ணு போனாப் போவுது அம்முணி, நீ இருந்தாப் போதும்" என்றார்.

அண்ணன், நான், என் வீட்டுக்காரர் மூவரும் சேலம் போய் ரயில் ஏறினோம். சென்னையில் மூன்று நாள் சோதனைகள். மூடிய இமை மேல் கருவியை வைத்துக் கட்டியின் உயரத்தை அளந்தார்கள். கையில் சாயம் ஏற்றிக் கண்ணைப் படம் எடுத்தார்கள். ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று வயிற்றையும் ஸ்கேன் பார்த்தார்கள். பரவியிருக்கவில்லை.

அங்கே என்னைப் பார்த்த பெண் டாக்டர் என்னைவிட இளையவர். மெலனோமாதான் என்று நேராகவே சொன்னார். வழியெல்லாம் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஏனுங்க டாக்டரம்மா, கண்ண எடுத்துட்டா நான் பொழைச்சுக்குவேன்னு உறுதியாச் சொல்ல முடியுங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"முடியாதும்மா. இதே கேள்விக்குத்தான் வெளிநாட்டுல பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினாங்க. உங்க கட்டி அளவு இருந்தவங்கள சீட்டுப் போட்ட மாதிரி ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பாதிக்குக் கண்ண எடுத்தாங்க. இன்னொரு பாதிக்குக் கண்ண எடுக்காம கதிர்வீச்சு குடுத்தாங்க. உயிர் பொழைச்சதுல ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியல."

"அப்பறம் எதுக்குங்க எடுக்கோணும்?"

அவர் அவசரப்படுத்தவில்லை. கதிர்வீச்சால் பார்வை போகப் போக மங்கலாம், எந்த வைத்தியம் செய்தாலும் பின்னால் ஈரலில் வரக்கூடும், ஆயுள் முழுக்கச் சோதனைக்கு வரவேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னார். இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் அதிகம், நம் ஜனங்களைப் பற்றிய பதிவுகள் குறைவு, உங்கள் விவரங்களை ஆராய்ச்சிக்கு எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

கண்ணை எடுக்க வேண்டாம், கதிர்வீச்சே போதும் என்று நான் சொல்லிவிட்டதற்கு, வெளியே வந்ததும் அண்ணன் கோபித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"அவ கண்ணு மச்சான். அவ கேட்டா, அவங்க பதில் சொன்னாங்க. இதுல நாம சொல்ல என்ன இருக்குது?"

கதிர்வீச்சு கொடுக்க வைத்தது சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய ஒரு தங்கத் தகடு. உள்பக்கம் கதிர்வீச்சு விதைகளைப் பதித்திருந்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, கட்டி இருக்கும் இடத்துக்கு நேராக விழியின் பின்பக்கத்தில் அதைத் தைத்தார்கள். ஐந்து நாள் தனி அறை. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. நர்ஸ் விட்ட நேரத்தில் என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று தினசரி படித்துக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஒரு செய்தி முடிவதற்குள் நேரம் முடிந்துவிடும். கண் உறுத்திக்கொண்டே இருந்தது, ஆனாலும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன்.

ஆறாம் நாள் தகட்டை எடுத்தார்கள். கதிர்வீச்சை அளக்கும் கருவியை நர்ஸ் என் முகத்தருகே பிடித்தார். அது சத்தமே போடவில்லை. கண்ணில் போட்ட கட்டோடு சிரித்தேன்.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போனேன். மழையில் மலைப்பாதை அடைபட்டபோது ஒரே ஒரு நாள் தாமதம். முதல் வருடமே கட்டி பாதியாகச் சுருங்கியது. அடுத்தடுத்த படங்களில் தட்டையான தழும்பு மட்டும் இருந்தது. மூன்றாம் வருடம் அந்தக் கண்ணில் எழுத்துகள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் ஈரல் ஸ்கேன் முடிவு வரும்வரை அந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் நல்ல பதிலே வந்தது.

நான்காம் வருடம் அடிவாரத்து டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பிக் கண்ணைப் பரிசோதித்தார். வைத்திய விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். உங்களைப் போல இன்னொருவர் வந்திருக்கிறார், அவருக்கான கடிதத்தில் கண்ணை எடுக்கச் சொல்லி எழுதவில்லை என்றார்.

ஐந்து வருடம் முடிந்தபோது டாக்டரம்மா தன் ஆராய்ச்சியை டாக்டர்கள் கூட்டமொன்றில் வாசித்தார். நான் சம்மதித்ததால் மேடைக்கு அழைத்தார். திரையில் என் கண், அறையளவு பெரிதாக. ஓர் இளம் டாக்டர் எழுந்து, பார்வை இவ்வளவு மங்கிவிட்டதே, கண்ணை வைத்துக்கொண்டது வீண் என்று தோன்றவில்லையா என்று கேட்டார்.

"வெளிச்சம் தெரியுதுங்க, எதுக்க ஆள் வந்தாத் தெரியுதுங்க. உசுரும் இருக்குது. இதுல எது வீணுங்க?"

முதலில் கை தட்டியது கேட்டவரேதான். பிறகு கூடம் முழுக்கத் தட்டினார்கள். கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றுகொண்டே தட்டினார்.

மதியம் மூன்று பேரும் ஓட்டலில் சாப்பிட்டோம். சாம்பார் ஊற்ற வந்த சர்வரிடம் அண்ணன் சொன்னார்: "எந் தங்கச்சிங்க. டாக்டருங்களுக்கே பாடம் நடத்திப்போட்டு வருது. இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."